மூலையைப் பிடித்து இழுப்பவர்

அக்கா வலது கையில் ஒரே ஒரு வளையல்தான் போட்டிருப்பார். தங்கம் இல்லை, கவரிங்கும் இல்லை. சாதாரண எவர்சில்வர் வளையல். அதை நகை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் சென்டரில் யாராவது ஸ்லைடு செய்து, அதில் வட்டமான சார்ட் ஒன்றைப் போட்டிருந்தால், அக்கா வளையலைக் கழற்றி மானிட்டர் மேல் வைப்பார். ஒரு கண்ணை மூடிக்கொள்வார். மவுஸை உருட்டிப் படத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் வளையலுக்குள் உட்கார வைக்கப் பார்ப்பார். உட்கார்ந்துவிட்டால் பிரச்சினை இல்லை. இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு நின்றால், "இது வட்டமில்ல, கொழுக்கட்ட" என்பார். அந்த ஸ்லைடு போட்டவருக்கு அன்றைக்கு மதியச் சாப்பாடு தாமதம்தான்.

காரைக்காலில் ஒரு டிரஸ்ட் நடத்தும் பயிற்சி மையம் அது. கீழே தையல், மாடியில் கம்ப்யூட்டர், மாடிப்படிக்கு எதிர் அறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ். இங்கிலீஷ் நான். கோவில்பத்திலிருந்து ஸ்கூட்டியில் போவேன். அக்கா கம்ப்யூட்டர் டீச்சர். கோட்டுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வருவார். தையலுக்கு ஒருவர் இருந்தார், முஸ்லிம் வீடுகளில் அக்காவை அழைக்கிற முறையில் அவரை நாங்கள் எல்லோரும் லாத்தா என்று கூப்பிடுவோம். சென்டரைப் பார்த்துக்கொள்பவர் சார். இவ்வளவுதான் ஆட்கள்.

தலைமை அலுவலகம் பாண்டியில். நாங்களும் பாண்டியும் ஒரே ஆட்சியில் இருந்தாலும் நடுவில் தமிழ்நாடு படுத்துக்கிடக்கிறது. பஸ்ஸில் போனால் அரை நாள் அதிலேயே போய்விடும். அதனால் எங்கள் பிழைப்பு மெயிலில் ஓடியது. அந்த மெயிலுக்கோ வாய் சின்னது. கொஞ்சம் கனமான ஃபைலை அனுப்பினால் அப்படியே திருப்பித் துப்பிவிடும். அதனால் காரைக்காலிலிருந்து எது போனாலும் முதலில் அமுக்கி, பிறகுதான் அனுப்ப வேண்டும் என்று ஆகிவிட்டது. சார் அமுக்குவதில் மன்னர். இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கிற அத்தனை அமுக்கும் தளங்களும் அவருக்கு அத்துப்படி. அமுக்கியதும் ஃபைல் சின்னதாகிவிடும், மெயில் போய்விடும். சார்ட்டில் இருந்த எண்கள் மட்டும் மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி கரைந்திருக்கும்.

சாருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எக்செல்லில் இருக்கும் சார்ட்டை உயிரோடு கொண்டுவர மாட்டார், அதைப் படம் பிடித்து ஸ்லைடில் ஒட்டுவார். பக்கத்தில் சிறப்பு விருந்தினர் பொன்னாடை போர்த்திக்கொள்ளும் போட்டோவுக்கு இடம் வேண்டுமே. அதற்காகச் சார்ட்டைப் பக்கவாட்டிலோ மேலிருந்தோ பிடித்து நெருக்கிவிடுவார். விருந்தினர் நன்றாக இருப்பார், சார்ட் நசுங்கிக் கிடக்கும்.

"சார், இழுக்கணும்னா மூலையப் புடிச்சு இழுங்க. நடுவுல புடிச்சா உருவம் போயிடும்."

இதை அக்கா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். சாரிடம், என்னிடம், ஸ்லைடைச் சரி செய்து வாங்கப் பென் டிரைவோடு வருகிற வெளியாட்களிடம். கோபமாகச் சொல்ல மாட்டார். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்கிற குரலில் சொல்வார். ஆனால் சொல்லாமல் விட மாட்டார்.

சரி செய்வது என்றால் நாம் என்ன நினைப்போம்? நசுங்கியதை இழுத்து நிமிர்த்துவது, மங்கியதன் மேல் புதிதாக எண்ணைத் தட்டுவது. அக்கா அதைச் செய்யவே மாட்டார். நசுங்கிய படத்தை முதலில் தூக்கி எறிவார். அடுத்து அவர் வாயில் வருவது எப்போதும் ஒரே கேள்வி: "எக்செல் எங்க?" எண்கள் இருக்கிற மூல ஃபைல் கைக்கு வரும்வரை ஒரு கோடு போட மாட்டார். லாத்தா இதற்காகவே அவருக்கு எக்செல் எங்கக்கா என்று பெயர் வைத்திருந்தார். "எக்செல் எங்கக்கா சாப்பிட்டாகளா?" என்று கீழேயிருந்து குரல் கொடுப்பார். அக்காவும் சிரித்துக்கொண்டு பதில் கொடுப்பார்.

ஒருமுறை ஒரு தனியார் கம்பெனிக்காரரின் ஸ்லைடில் ஒரு எண் மங்கிப்போயிருந்தது. மூன்றா எட்டா என்று தெரியவில்லை. அக்கா போன் போட்டார். அந்தப் பக்கம் நாதஸ்வரம் கேட்டது. அவருடைய தங்கைக்கு நிச்சயதார்த்தம் நடந்துகொண்டிருந்தது. "மன்னிச்சுக்குங்க சார், மூணா எட்டா, அத மட்டும் சொல்லிட்டு தட்டு மாத்துங்க" என்றார் அக்கா. எனக்கு மானமே போய்விட்டது. மூன்றுதான் என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. கடைசியில் அவர் சொன்னது எட்டு.

இன்னொரு நாள் விவசாயம் படிக்கிற ஒரு பெண் வந்தாள். கடலோர ஊர்களிலிருந்து உள்ளே விழிதியூர் பக்கம் வரைக்கும் கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று அளந்து, ஊருக்கு ஒரு கம்பம் வீதம் சார்ட் போட்டிருந்தாள். லேப்டாப் கெட்டுப்போய் மூல ஃபைல் இல்லை. யாருக்கோ மெயிலில் அனுப்பிய அமுங்கிய படம்தான் மிச்சம். அதில் சில கம்பங்களின் தலை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அக்கா தெரிந்ததை மட்டும் போட்டுவிட்டு, தெரியாத இடங்களைக் காலியாக விட்டார்.

"அக்கா, சும்மா ஒரு அளவா போட்டுக் குடுங்கக்கா. பக்கத்து ஊரு மாதிரிதான் இருக்கும்."

"நான் கண்ணால பாத்துப் போட்டா அது நான் தோண்டுன கெணறும்மா. ஊர்க் கெணறு இல்ல."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். எனக்கு அக்கா மேல் ஆத்திரம் வந்தது. வயசுப் பெண், வெயிலில் மறுபடி பஸ் ஏறி ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் மொண்டு அளக்க வேண்டும். ஒரு கோடு போட்டுக் கொடுத்தால் குடி முழுகிவிடுமா? கேட்டே விட்டேன். அக்கா தன் டிபன் பாக்ஸிலிருந்த மாங்காய்த் துண்டில் பாதியை என் பக்கம் தள்ளினார். அந்தப் பெண் மறுவாரம் எண்களோடு வந்தபோது அவளுக்கும் மாங்காய் கிடைத்தது.

இதையெல்லாம் விட, என் கல்யாணத்தில் அக்கா செய்த வேலைதான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேச்சு.

தரகர் என் அம்மாவின் போனுக்கு ஒரு மாப்பிள்ளை படம் அனுப்பியிருந்தார். நெடுங்காட்டுக்காரர். பைக் பக்கத்தில் நின்றிருந்தார். ஒல்லியாக, நல்ல உயரமாக இருந்தார். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் சென்டரில் காட்டினேன். லாத்தா, "மாஷா அல்லாஹ், தென்னமரமாட்டம் இருக்காக" என்றார். அக்கா மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லை. பைக்கைப் பார்த்தார்.

"சக்கரம் ஏன்டி இப்புடி நீட்டமா இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. அக்கா படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, வளையலைச் சக்கரத்தின் மேல் வைத்தார். சக்கரம் மேலும் கீழும் பிதுங்கிக்கொண்டு நின்றது. யாரோ ஸ்டேட்டஸில் போடுவதற்காக அந்தப் படத்தை ஒரு நீளச் சட்டத்துக்குள் நெருக்கியிருக்கிறார்கள். அக்கா சக்கரம் வட்டமாகிற வரைக்கும் படத்தை அகலப்படுத்தினார். மாப்பிள்ளை கூடவே அகலமானார். தோள் வந்தது, கன்னம் வந்தது, கொஞ்சம் தொப்பையும் வந்தது.

"இப்பதான்டி மனுஷன் வந்தாரு" என்றார் அக்கா, ரொம்பத் திருப்தியாக.

அம்மா கேட்டுவிட்டு, "அவளுக்கு ஒனக்கு நல்லது நடக்கறது பிடிக்கல" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பெண் பார்க்க வந்த அன்று வாசலில் நுழைந்தவர் அச்சு அசலாக அக்காவின் மானிட்டரில் இருந்தவர்தான். அம்மா என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் தரையைப் பார்த்தேன். நான் வெட்கப்படுகிறேன் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டாராம். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். இப்போது பக்கத்து அறையில் சத்தமாகக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்படி அடுத்தவர் விஷயத்தில் வட்டத்தை வட்டமாக்குவது ஒன்று. அதே வளையலைத் தன் பிழைப்பின் மேல் வைப்பது வேறு. அக்கா அதையும் செய்தார். எனக்கு அவரைப் பற்றி எழுதத் தோன்றியதே அதனால்தான்.

சென்டரில் காலை கம்ப்யூட்டர் வகுப்பைச் சார் எடுப்பார். அக்காவுக்கு மதிய வகுப்பு மட்டும்தான். அந்த வகுப்பு முழுக்கச் சுற்றுக் கிராமத்துப் பெண்கள். கல்யாணமானவர்கள் பாதி, பிளஸ் டூவோடு நின்றவர்கள் பாதி. பில் போடக் கற்றுக்கொண்டால் ஜவுளிக்கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் நடவு வந்தால் வயலுக்குப் போய்விடுவார்கள், அடுத்தாற்போல் களை. அறுப்புக்கு இப்போது மிஷின் வந்துவிட்டது, பருத்தி எடுக்க இன்னும் கைதான் வேண்டும். பருத்தி வெடிக்கிற சமயத்தில் அக்கா காலி நாற்காலிகளுக்கு நடுவே ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்த வருஷம் பாண்டியிலிருந்து மெயில் வந்தது. ஒவ்வொரு சென்டரிலும் வருகை குறைந்த வகுப்பை நிறுத்தப் போகிறார்களாம். அந்த வகுப்பை எடுப்பவருக்கு அடுத்த வருஷம் வேலை இருக்காதாம். வருஷாந்திரக் கூட்டத்தில் ஸ்லைடைப் பார்த்து முடிவு செய்வார்களாம். எங்கள் சென்டரில் வருகை குறைந்த வகுப்பு எது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுபவர். வண்டி ஓடினால் காசு, ஓடாவிட்டால் இல்லை. பெண் பிளஸ் டூ. அக்காவின் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் மாதம் பிறக்கும்.

சார் வழக்கம்போல ஸ்லைடு செய்தார். மாதம் ஒரு கம்பமாக, வகுப்புக்கு ஒரு நிறமாகச் சார்ட். அதைப் படம் பிடித்து ஒட்டினார். குடியரசு தினத்துக்குக் கொடியேற்றியவர் போட்டோவுக்காகச் சார்ட்டை மேலிருந்து நெருக்கினார். மெயில் துப்பியது. அமுக்கினார், போய்விட்டது. ஆனால் மெயிலில் போனது வெறும் முன்னோட்டம்தான். மறுநாள் பாண்டியில் சாரே நேரில் போய்த் திரையில் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் இங்கிலீஷ் சரியா என்று பார்க்க என்னிடம் கொடுத்தார்.

திறந்து பார்த்தவள் சும்மா உட்கார்ந்துவிட்டேன். சார்ட் மேலிருந்து ஒரு விரல் பட்டையாக நெருங்கி, மெயிலுக்கு அமுக்கியதில் கம்பங்களின் தலையும் கரைந்து, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே உயரம் போலத் தெரிந்தன. ஓரத்தில் இருந்த எண்கள் கறையாகிவிட்டன. அக்காவின் வகுப்பு மற்றதைவிட ஏதோ கொஞ்சம் கம்மி என்று தோன்றும், அவ்வளவுதான். தையல் வகுப்புக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

லாத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். லாத்தா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு, வுட்டுடு" என்றார். சாரும் வந்து எங்கள் பின்னால் நின்றார். "நான் வேணும்னு பண்ணலம்மா. ஆண்டவனாப் பாத்து அமுக்கிவிட்டுட்டான்" என்றார். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு மனசுக்குள் அப்படி ஒரு நிம்மதி. சாரின் கெட்ட பழக்கம் முதல்முறையாக ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது.

மூக்கில் வேர்த்ததுபோல் அக்கா வந்து நின்றார். வகுப்பு முடிந்து, தோளில் பையோடு, பஸ்ஸுக்குக் கிளம்பியவர்.

"பாண்டி ஸ்லைடா? காட்டு."

"பாத்தாச்சுக்கா. எல்லாம் சரியா இருக்கு. ஒங்க பஸ்ஸு போயிடும்" என்றேன்.

பையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தார். வளையலுக்கே வேலை வைக்கவில்லை. கம்பங்களை ஒரு பார்வை பார்த்தார்.

"எக்செல் எங்க சார்?"

சார் தொண்டையைச் செருமினார். "எதுக்கும்மா? மாத்தி எழுதுனமா நாம? ஒரு எண்ணயும் தொடல. அதுவா அமுங்குச்சு."

"எண்ணு தெரியலையே சார். இருந்தும் இல்லாத மாதிரிதான்."

"அது ஒங்க பேட்ச்சும்மா."

"எனக்குத் தெரியாதா சார்?"

சார் கெட்டவர் இல்லை, அமுக்குபவர், அவ்வளவுதான். எக்செல் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டார். லாத்தா, "இந்தப் புள்ளைக்குப் பைத்தியம்" என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்கிப் போனார்.

நான் விடவில்லை. கையைப் பிடித்தேன். "அக்கா, வேலை போயிடும். பாப்பா காலேஜுக்கு என்ன பண்ணுவீங்க? ஊரு ஒலகத்துல எவன் ஸ்லைடு ஒழுங்கா இருக்கு? இது ஒண்ணு கோணலாப் போனாத்தான் என்ன?" என்று கத்தினேன். நிஜமாகவே கத்தினேன். எனக்கு அழுகை வந்தது.

அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்தார். காலேஜ் என்றதுமே அந்தக் கை நின்றுபோயிருந்தது, அதை நான் பார்த்தேன். பயம் இல்லாதவர் ஒன்றும் இல்லை அவர்.

"இங்க பாருடி. அமுக்குனதுல பள்ளம் மட்டுமா போச்சு? மேடும்ல போச்சு." திரையில் ஒரு கம்பத்தைத் தொட்டுக் காட்டினார். "இது ஆனி மாசம். மாங்கனித் திருவிழா. ஊரே கடைத்தெருவுல நிக்குது. ஒன் கிளாஸுக்கு எத்தன பேரு வந்தாங்க?"

"ரொம்பக் கம்மி."

"எம் பொண்ணுங்க பருத்திய முடிச்சுட்டு அத்தன பேரும் வந்தாங்க. நாற்காலி பத்தாம லாத்தாகிட்ட முக்காலி வாங்கிட்டு வந்தேன். அது எங்கடி இதுல? இந்தப் படம் என்ன சொல்லுது? அந்தப் பொண்ணுங்க வருஷம் பூரா சுமாரா வந்தாங்கன்னு சொல்லுது. அவங்க ஒரு நாளும் சுமாரா வரல. வந்தா எல்லாரும் வந்தாங்க, வராதப்ப யாரும் வரல."

பிடித்திருந்த கையை விட்டேன். அக்கா எக்செல்லைத் திறந்தார். சார்ட்டைப் படமாக இல்லாமல் உயிரோடு கொண்டுவந்தார், எண்கள் தெளிவாக வந்து நின்றன. மூலையைப் பிடித்து இழுத்தார். கொடியேற்றியவர் போட்டோவைச் சின்னதாக்கி ஓரத்துக்குத் தள்ளினார். ஃபைலின் கனம் சார் அமுக்கியதைவிடக் குறைவாக வந்தது. திரையில் அக்காவின் வகுப்பு நடவு மாதங்களில் தரையோடு தரையாகக் கிடந்தது. தை வந்ததும் எழுந்தது. பருத்தியில் மறுபடி படுத்தது. ஆனியில் மற்ற எல்லா வகுப்பையும் தாண்டி நின்றது. அக்கா ஃபைலைச் சாரின் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

மறுநாள் முழுக்க எனக்கு வகுப்பு ஓடவில்லை. அக்கா வழக்கம்போல மதியம் வந்தார், பாடம் எடுத்தார், பஸ்ஸுக்குப் போனார். அதற்கடுத்த நாள் காலையில் சார் வந்து எங்களை எல்லாம் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். அக்காவுக்கும் போன் போட்டு வரச் சொல்லியிருந்தார். சார் முகத்தில் சந்தோஷமும் சங்கடமும் சேர்ந்து இருந்தன.

கூட்டத்தில் எல்லா சென்டரும் சார்ட் காட்டினார்களாம். எல்லாம் ஒரே மாதிரி மட்டமாக இருந்ததாம். எங்கள் சார்ட் வந்தபோது மட்டும் மேலதிகாரி அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாராம். இது ஏன் இப்படி விழுகிறது, ஏன் இப்படி ஏறுகிறது என்று கேட்டாராம். சார் நடவையும் பருத்தியையும் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா தலையாட்டிவிட்டு, வகுப்பை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

நான் அக்காவைக் கட்டிக்கொண்டேன். லாத்தா, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

"இருங்க, இன்னும் இருக்கு" என்றார் சார். தரையைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார். "கம்பம் நிக்கிற மாசத்துல மட்டும் வகுப்பு நடத்தச் சொல்லிட்டாங்க. மத்த மாசம் கிளாஸ் கெடையாது. அந்த மாசத்துக்கெல்லாம்... சம்பளமும் கெடையாதாம்மா."

பாதி வருஷச் சம்பளம் போய்விட்டது. பாண்டியில் யாரோ ஒருவர் சார்ட்டின் பள்ளங்களை அப்படியே அக்காவின் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எனக்கு அந்த அம்மா மேல், சார் மேல், அக்கா மேல், எல்லார் மேலும் ஆத்திரமாக வந்தது. அமுங்கிய படமே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அது இன்னும் ஆத்திரம்.

அக்கா வளையலை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"சார்ட்டச் சரியாத்தான் படிச்சிருக்காங்க சார்" என்றார்.

பிறகு, "பாண்டி ஸ்கிரீன்ல எண்ணு எல்லாம் தெளிவாத் தெரிஞ்சுதா?" என்று கேட்டார். தெரிந்தது என்றார் சார். அக்கா எழுந்து கம்ப்யூட்டர் அறையைத் திறக்கப் போனார்.

அந்த ஏற்பாட்டில் அக்கா ஒரு வருஷம் ஓட்டினார். வகுப்பில்லாத மாதங்களில் வீட்டிலேயே டைப்பிங் வேலை எடுத்துச் செய்தார். போதவில்லை. அடுத்த ஆனி முடிந்ததும் திருச்சியில் ஒரு அச்சகத்தில் வேலை கிடைத்து, மகளின் காலேஜையும் அங்கேயே பார்த்துக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார். மதிய வகுப்பு இன்றைக்கும் நடக்கிறது, அக்காவின் கம்பம் நின்ற அதே மாதங்களில். வேறொருவர் வந்து எடுக்கிறார்.

அக்காவின் கடைசி நாளன்று மதிய வகுப்போடு ஒரு குரூப் போட்டோ எடுத்தோம். அக்காவின் போனில் எடுத்தது. சார் அதை யாரோ வாட்ஸப்பில் போட்டதிலிருந்து எடுத்து, அமுக்கி, கையில் இருந்த சட்டத்துக்கு ஏற்ப இழுத்து, ஆபீஸ் சுவரில் மாட்டிவிட்டார். அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. போன மாதம் ஒரு நாள் சும்மா நிமிர்ந்து பார்த்தவள், எழுந்து போய் என் கல்யாண வளையலைக் கழற்றி, படத்தில் பின்சுவரில் தெரிந்த கடிகாரத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நெருங்கிப் பிடித்தேன், தள்ளிப் பிடித்தேன். கொழுக்கட்டை.

வெகுநாள் கழித்து அக்காவுக்குப் போன் போட்டேன். நலம் விசாரிக்கக்கூட இல்லை.

"அக்கா, நம்ம குரூப் போட்டோ ஒரிஜினல் இருக்கா?"

"ஏன்டி?"

"இதுல நீங்க ரொம்ப குண்டா இருக்கீங்க."

அந்தப் பக்கம் அச்சு மிஷின் சத்தத்தோடு ஒரு சிரிப்பு. "நெசமாவே குண்டாயிட்டேன்டி. அப்புடியே வுட்டுடு."

போனை வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. போட்டோவாக அனுப்பினால் வாட்ஸப் தானாக அமுக்கிவிடும் என்று அப்போதே சொல்லிக்கொண்டிருப்பார், டாக்குமென்ட்டாக அனுப்பியிருந்தார். திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். அக்கா ஒல்லியாக ஓரத்தில் நின்றார். கடிகாரம் வட்டமாக இருந்தது. சுவர்ப் படத்தில் வெறும் நிறமாகக் கரைந்திருந்த பின்வரிசைப் பெண்களை இப்போது ஒவ்வொருவராக முகம் பார்த்துச் சொல்ல முடிந்தது. உட்கார நாற்காலி போதாமல், லாத்தாவின் முக்காலிகளிலும் ஜன்னல் திண்டிலும் ஏறி, அத்தனை பேரும் வந்திருந்தார்கள்.